இரண்டு பழைய சிடி, ஒரு குச்சி: வீட்டிலேயே கம்பளி நூல் நூற்கலாம்

போன பள்ளி விடுமுறையில் எங்கள் சுங்கை சிப்புட்டில் நூல் கைவினைச் சந்தை நடந்தது. குரோஷே, மேக்ரமே, பாத்தேக், சரவாக்கின் புவா கும்பு நெசவு என்று மண்டபம் முழுக்க மேசைகள். (புவா கும்புவின் அந்தக் கருஞ்சிவப்பு, நுணா இனத்து மெங்குடு மரத்தின் வேரிலிருந்து எடுப்பது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே மேசையில் ஒட்டிக்கொண்டார்கள். அங்கே ஓர் அக்கா நின்றபடியே தக்ளி என்னும் நூற்கும் குச்சியைச் சுழற்றி ஆட்டுக் கம்பளியை நூலாக்கிக்கொண்டிருந்தார். மரத் தக்ளியின் விலையைப் பார்த்துவிட்டு, கம்பளியை மட்டும் வாங்கி வந்தோம். தக்ளியை வீட்டிலேயே செய்துவிட்டோம்.

எந்தக் கம்பளி?

சீவி, தடித்த கயிறாகச் சுருட்டி விற்கும் கம்பளியைக் கேளுங்கள். 100 கிராம் தாராளம். மெரினோ ஆட்டுக் கம்பளியை எடுக்காதீர்கள். தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள், அவ்வளவு மிருது. ஆனால் இழை மெல்லியது, பழகாத கையில் வழுக்கும். கொரிடேல் என்ற ஆட்டினத்தின் கம்பளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இழை கொஞ்சம் தடிமன், ஒன்றையொன்று நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

தக்ளி செய்வது

பழைய சிடி இரண்டு, ஓர் அடி நீளத்தில் பென்சிலைவிடச் சற்றுத் தடித்த உருட்டுக் குச்சி, ஒரு சின்னத் திருகு கொக்கி, பழைய சைக்கிள் டியூப். எல்லாம் சேர்ந்து 40, 50 கிராம்தான் வரும், ஆரம்பத்துக்கு அதுதான் சரியான எடை. சாத்தே குச்சி போதாதா என்று கேட்காதீர்கள், போதாது.

சிடியின் ஓட்டை 15 மில்லிமீட்டர், குச்சி 9 அல்லது 10. நடுவில் உள்ள இடைவெளிக்குத்தான் டியூப். நீளமாக ஒரு பட்டை வெட்டி, குச்சியின் மேல்முனையிலிருந்து மூன்று விரல் இறக்கி இறுக்கமாகச் சுற்றுங்கள். இரண்டு சிடியையும் ஒட்ட வைத்து அதன்மேல் திருகி ஏற்றுங்கள். பசை போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. எனக்கு அது பிடிக்காது, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் கழற்றித் திருத்த முடியாது. கொக்கியை மேல்முனையில் திருகுவதற்கு முன் மெல்லிய ஆணியால் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குச்சி பிளக்கும்.

சிடியின் விளிம்பில் நூல் உட்கார ஒரு சிறு வெட்டு வேண்டும். கத்தரிக்கோல் போட்டால் சிடி சில்லுச் சில்லாகத் தெறிக்கும். முக்கோண அரத்தால் மெதுவாக ராவி, உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள். இது பெரியவர்கள் வேலை.

பிறகு முக்கால் மீட்டர் கம்பளி நூலை சிடிக்குக் கீழே குச்சியில் கட்டி, விளிம்பின் வெட்டு வழியாக மேலே கொண்டுபோய், கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இதுதான் தொடக்க நூல்.

நூற்பது

கம்பளியை வெட்டாதீர்கள். ஒரு முழ நீளம் பிய்த்து, அதை நீளவாக்கில் சுண்டுவிரல் தடிமனுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அதிக நேரம் போனது இந்த இடத்தில்தான். பிள்ளைகள் பலம் கொண்ட மட்டும் இழுக்கிறார்கள், கம்பளி அசையவே மாட்டேன் என்கிறது. இரண்டு கையும் மிகவும் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். ஒரே இழையின் இரண்டு நுனியையும் இரண்டு கையும் பிடித்துக்கொண்டால் அது எப்படி நகரும்? கைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு இழுத்துப் பாருங்கள், இழைகள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். தக்ளியைத் தொடுவதற்கு முன் இதை மட்டும் கொஞ்ச நேரம் செய்து பழகட்டும்.

அடுத்து முறுக்கு. சந்தையில் அந்த அக்கா சுழற்றுவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நடந்தது. புதிதாகப் பழகுபவர்கள் இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தொடக்க நூலின் நுனியில் கம்பளியை நான்கு விரல் அளவு மேல்வைத்து, இடது கையால் இறுக்கிப் பிடியுங்கள். வலது கையால் தக்ளியைக் கடிகாரச் சுற்றில் சுழற்றுங்கள். நூலில் முறுக்கு நன்றாக ஏறியதும் தக்ளியை முழங்கால்களுக்கு நடுவே சிறை பிடித்துவிடுங்கள். இப்போது வலது கை நூலைப் பிடித்துக்கொள்ள, இடது கை கம்பளியைப் பின்னால் இழுத்து மெல்லியதாக்கட்டும். வலது கைப் பிடியை மெல்லத் தளர்த்தி மேலே நகர்த்துங்கள். முறுக்கு ஓடிப்போய் இழைகளைக் கட்டும், கண்ணெதிரே நூல் பிறக்கும். மறுபடி பிடி, இழு, நகர்த்து. முறுக்கு தீர்ந்ததும் மறுபடி சுழற்று.

முறுக்கு இன்னும் இழுக்காத கம்பளிக்குள் புகுந்துவிட்டால் அந்த இடம் கட்டியாகிவிடும். வம்படியாக இழுக்காமல், முறுக்கைக் கொஞ்சம் பிரித்துவிட்டுத் தொடருங்கள். நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் பஞ்சாக விரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து முறுக்கினால் போதும், முடிச்சு வேண்டாம்.

கைக்கு எட்டாத நீளம் வந்ததும் கொக்கியிலிருந்து விடுவித்து, சிடிக்குக் கீழே குச்சியில் சுற்றி வைத்துவிட்டுத் தொடருங்கள்.

இரண்டு புரியாக்குவது

நூற்ற நூலை இரண்டு உருண்டையாகச் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்துத் தொடக்க நூலில் கட்டி, இந்த முறை எதிர்ச்சுற்றில் சுழற்றுங்கள். அதே பக்கம் சுழற்றினால் நூல் சுருண்டு சிக்கலாகிவிடும். குண்டும் மெலிவுமாக வந்த நூல்கூட இரண்டு புரியானால் பார்க்க மோசமாக இருக்காது.

கடைசியாக நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊற விடுங்கள். தேய்க்கவே கூடாது, கம்பளி ஒட்டித் திரண்டுவிடும். துண்டில் வைத்து அமுக்கி, விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள். சாயங்கால மழையை நம்பி வெளியே காயப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை

தக்ளி பாதியில் நின்று எதிர்ப்பக்கம் சுற்றி, நூல் பிரிந்து காலில் விழுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முறுக்கு நிறைந்துவிட்டது என்பதன் அடையாளம்தான் அது. கையில் சுழற்றிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல், வேகம் குறையும்போதே முழங்காலில் பிடித்துவிடுங்கள்.

மருந்துக்கடைப் பஞ்சில் நூற்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அதன் இழை குட்டை, வெளுத்துச் சுத்தம் செய்ததில் மெழுகும் போயிருக்கும். இலவம் பஞ்சு இன்னும் மோசம், வழவழவென்று பிடியே இல்லை. கோயில் விளக்குக்குத் திரி திரித்தே பழகிய என் அம்மா இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல திரி வரும், நூல் வராது" என்று சொல்லிவிட்டார். பருத்தியில்தான் நூற்பேன் என்பவர்கள் சீவிய பருத்தியை வாங்கி, இந்த சிடி தக்ளியை விட்டுவிட்டு, எடை குறைந்த உலோகத் தக்ளியை ஒரு கிண்ணத்தில் நிறுத்திச் சுழற்றுங்கள். தொங்கவிட்டால் அதன் எடையே தாங்காமல் பருத்தி இழை அறுந்துவிடும்.