கோபமாக இருக்கும்போது எந்தப் பாட்டு?

மனம் கொதிக்கும்போது தாலாட்டு மாதிரி மெல்லிய பாட்டைப் போட்டால் பலருக்கு எரிச்சல்தான் கூடும். இசை சிகிச்சையில் இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. முதலில் அப்போதைய மனநிலைக்கு ஒத்துப்போகும் வேகமான பாட்டு, அப்புறம் கொஞ்சம் நிதானமானது, கடைசியாக நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளத்தட்டுக்குள் அடங்கும் பாட்டு. தாளம் குறையக் குறைய மூச்சும் அதன் பின்னாலேயே நிதானப்படும். இதயத் துடிப்பும் மெல்ல இறங்கும். இறுகிக் கிடந்த தோள்கள் தளர்வதைக் கவனித்துப் பாருங்கள், அவ்வளவு இதமாக இருக்கும்.

நாலைந்து பாட்டை இந்த வரிசையில் இன்றே போனில் சேர்த்து வையுங்கள். கோபத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. சத்தம் அளவோடு இருக்கட்டும். பாட்டு முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், இரண்டு நிமிடம் அந்த அமைதியிலேயே இருங்கள்.