சீறும் கரப்பான் வளர்ப்பு: "கரப்பான்தானே" என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

அணுகுண்டு போட்டாலும் கரப்பான் சாகாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பித்தான் பலர் மடகாஸ்கர் சீறும் கரப்பானை வாங்கிவந்து, சில மாதத்தில் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள். மடகாஸ்கர் காட்டில் விழுந்து கிடக்கும் மரங்களுக்கு அடியில் வாழ்ந்து பழகிய பூச்சி அது. இறக்கை கிடையாது. 5 முதல் 7 செ.மீ. நீளம் வரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 2 முதல் 5 ஆண்டு இருக்கும்.

லண்டனில் முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறு சூட்டில்தான். அறையில் 18 டிகிரி. ஒன்றும் சாகவில்லை, ஆனால் குஞ்சு ஒன்றுகூடப் பிறக்கவில்லை. இனப்பெருக்கம் நன்றாக நடக்க 27, 28 டிகிரி வேண்டும். சரியென்று ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வாங்கி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அது அடுத்த தவறு. சூடு தாங்காவிட்டால் இவை கீழே போய்த்தான் ஒளியும், அங்கேயும் கொதித்தால் எங்கே போகும்? பக்கவாட்டில், ஒரு பாதிக்கு மட்டும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள்.

இறக்கை இல்லையே என்று மூடியை அலட்சியமாக விடாதீர்கள். கண்ணாடியில் நேராக ஏறும். காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய கம்பிவலை போட்டு, உள்விளிம்பைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு வாசலின் தடவுங்கள். இல்லாவிட்டால் பிறந்த குஞ்சுகள் எந்தச் சந்திலும் நழுவிவிடும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கும். தண்ணீர் ஊறிய ஜெல் உருண்டை அல்லது கேரட் துண்டு போதும். பழத்தை இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நாய் பிஸ்கட் கொஞ்சம் கொடுக்கலாம், அதையே தினமும் கொட்ட வேண்டாம்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒருநாள், "டேய், ஒண்ணு வெளுத்துப்போய்க் கெடக்குடா, தூக்கிப் போடு" என்றார். போய்ப் பார்த்தால் தோலுரித்து முடித்த ஆண். பால் வெள்ளை உடம்பு, கறுத்த கண்கள், பக்கத்திலேயே காலி ஓடு. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிட்டது. அந்த நேரத்தில் உடம்பு பஞ்சுபோல இருக்கும், தொட்டாலே நசுங்கும். ஒட்டிக்கொண்ட பழைய தோலை "உதவி செய்கிறேன்" என்று இழுத்துக் காலையும் சேர்த்துப் பிய்த்தவர்கள் உண்டு.

பெண்ணின் வயிற்று நுனியில் இளமஞ்சளாக ஒரு பொருள் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் தொடாதீர்கள். அது முட்டைக் கூடு. வெளியே நீட்டிவிட்டுத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். சுமார் 60 நாள் வயிற்றிலேயே வைத்திருந்து உயிருள்ள குஞ்சாகப் போடும், ஒரு தடவைக்கு 20, 30 என்று. கையில் எடுத்து விளையாடிக்கொண்டே இருந்தால் கூட்டைக் கீழே போட்டுவிடும், அந்த ஈடு போச்சு. ஆணா பெண்ணா என்று குழம்ப வேண்டியதில்லை: ஆணுக்குத் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு புடைத்திருக்கும், உணர்கொம்பும் மயிரடர்ந்து தடிப்பாக இருக்கும்.

கால் இடுக்கில் ஓடும் சின்னச் சின்ன உண்ணிகளைப் பார்த்துப் பூச்சிமருந்து அடித்தால் கூட்டமே காலி. அந்த உண்ணிகள் கரப்பானின் எச்சில் மிச்சத்தைத் தின்று வாழ்பவை, அதற்குக் கெடுதல் செய்வதில்லை. இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுப் பூனை. அதன் கழுத்தில் தெள்ளு மருந்து விட்ட கையோடு டப்பாவுக்குள் கை விட்டால் முடிந்தது. அந்த மருந்துகள் பலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில்தான் கரப்பான் கொல்லும் ஜெல்லிலும் இருக்கிறது.

சுத்தம் செய்யும்போது முகக்கவசம் கட்டாயம். காய்ந்த எச்சமும் உரிந்த தோலும் தூசியாகி மூச்சில் ஏறினால் ஒவ்வாமை வரும், ஆஸ்துமாக்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். குப்பையைச் சலிக்காமல் கொட்டாதீர்கள், பாதிக் குஞ்சு அதற்குள்தான் இருக்கும்.

கூட்டம் பெருகிவிட்டால் தோட்டத்தில் விட்டுவிடலாமே என்று தோன்றும். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அது குற்றம். ஓணான், பல்லி வளர்ப்பவர்களைக் கேளுங்கள், தீனிக்காக டப்பாவோடு வந்து வாங்கிப் போவார்கள்.