ஜப்பானில் ரயில் பாஸின் எல்லையைத் தாண்டினால் கட்டணம் கட்டுவது எப்படி?

நம்மூரில் டிக்கெட் எடுத்த ஸ்டேஷனைத் தாண்டிப் போய் டி.டி.இ. கையில் சிக்கினால் அபராதம் மட்டுமே குறைந்தது 250 ரூபாய். ஜப்பானில் அந்தப் பயம் வேண்டாம். தாண்டிய தூரத்துக்கு உரிய பணத்தை இறங்கும் இடத்தில் கட்டுவது அங்கே அன்றாட வழக்கம். அதற்கு 'நோரிகோஷி செய்சான்' என்று பெயர். மறைத்துப் பிடிபட்டால்தான் கட்டணத்தோடு அதைப்போல இரு மடங்கு சேர்த்து வாங்குவார்கள்.

ஜப்பானின் பழைய அரசு ரயில்வேயிலிருந்து பிரிந்த ஜேஆர் நிறுவனங்கள் விற்கும் வட்டாரப் பாஸ்களுக்கு (ஒரு வட்டாரத்துக்குள் எத்தனை முறையும் போய்வர உதவும் டிக்கெட்) எல்லைகள் உண்டு. டோக்கியோ வைடு பாஸ் தோகாய்தோ தடத்தில் அதாமியோடு முடிகிறது. கன்சாய் ஏரியா பாஸ் நாகோயா திசையில் மாயிபாராவோடு முடிகிறது. கன்சாய் வைடு பாஸ் சன்யோ ஷின்கன்சென் என்ற புல்லட் ரயில் தடத்தில் ஒகாயாமா வரை செல்லும். அப்பால் போக வேண்டுமென்றால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் தடத்தில் பாஸ் செல்லுபடியாகும் கடைசி ஸ்டேஷன். கூடுதல் கட்டணம் அங்கிருந்துதான் தொடங்கும்.

ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்பதுகூட இல்லை. டோக்கியோ நகருக்குள் ஒரு நாள் சுற்றும் தொகுனாய் பாஸின் தெற்கு எல்லை காமாடா. ஷினாகாவாவில் தோகாய்தோ ரயில் ஏறினால் காமாடாவில் நிற்காமல் நேரே காவாசாகிதான். ஆனாலும் கட்டணம் காமாடா முதல் காவாசாகி வரைக்கு மட்டுமே. ஷினாகாவாவிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அடுத்தது, எந்த வகை ரயில் என்பது. ஜப்பானில் ரயில் கட்டணம் இரண்டு துண்டு. தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று; ஷின்கன்சென், லிமிடெட் எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு அதன்மேல் விரைவுக் கட்டணம் இன்னொன்று. சாதாரண ரயில், 'ரேபிட்' ரயில் என்றால் முதலாவது போதும்.

சாதாரண ரயிலில் போவது எளிது. டோக்கியோ வைடு பாஸோடு மிஷிமா போகிறீர்கள் என்று வையுங்கள். பாஸை கேட்டில் செலுத்தி உள்ளே போய், தோகாய்தோ தடத்தில் அதாமி வழியாக மிஷிமாவில் இறங்குங்கள். தானியங்கி கேட்டுக்குப் போகாமல், ஊழியர் இருக்கும் ஓரத்து வழிக்குப் போய்ப் பாஸைக் காட்டி, 'அதாமி கரா, செய்சான் ஒனெகாய் ஷிமாஸ்' என்று சொன்னால் போதும். 'கரா' என்றால் 'இருந்து'. அதாமி–மிஷிமா 16.1 கிலோமீட்டர்; 2024 கட்டணப்படி 330 யென். இன்னும் ஒரு ஸ்டேஷன் தள்ளி நுமாசு என்றால் 420 யென். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். இந்த ஜன்னல்களில் கிரெடிட் கார்டு செல்லும் என்று நம்பிப் போகக் கூடாது. பக்கத்திலேயே நிற்கும் செய்சான் இயந்திரம் சாதாரண டிக்கெட்டுக்கும் ஐசி கார்டுக்கும் (பணம் ஏற்றி, கேட்டில் தட்டிப் போகும் கார்டு) ஆனது. அதில் பாஸை நுழைத்துப் பார்ப்பது வீண் வேலை.

இதே மிஷிமாவுக்கு டோக்கியோவில் தோகாய்தோ ஷின்கன்சென் ஏறினால் கதையே வேறு. அது ஜேஆர் சென்ட்ரலின் ரயில். டோக்கியோ வைடு பாஸ் அதில் ஓர் அடிகூடச் செல்லாது. எனவே அதாமியிலிருந்து கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை, டோக்கியோவிலிருந்து முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். தண்டவாளம் ஒரே ஊர்களுக்குப் போகலாம். பாஸ் பார்ப்பது தடத்தையும் நிறுவனத்தையும்.

பலரும் மாட்டிக்கொள்வது சுய்கா, இகோகா போன்ற ஐசி கார்டில்தான். பாஸால் உள்ளே போய்விட்டு, வெளியே வரும்போது கார்டைத் தட்டினால் கதவு திறக்காது. கார்டில் நீங்கள் ஏறிய பதிவே இல்லையே! திரும்பி வரும்போது தலைகீழ்ச் சிக்கல். மிஷிமாவில் கார்டைத் தட்டி ஏறி டோக்கியோவில் இறங்கினால், அதாமிக்கு மேற்கே ஒரு கார்டு வட்டாரம், கிழக்கே வேறொன்று. இரண்டையும் கடந்த சாதாரணப் பயணத்தைக் கேட் ஏற்காது. ஊழியரிடம் போய் மிஷிமா–அதாமி பணத்தைக் கட்டி, கார்டின் பதிவை நீக்கச் சொல்ல வேண்டும். திரும்பும்போது மிஷிமாவில் அதாமி வரைக்கான காகித டிக்கெட்டை வாங்கி ஏறுவதே நல்லது. டோக்கியோவில் டிக்கெட்டையும் பாஸையும் சேர்த்து ஊழியரிடம் காட்டினால் முடிந்தது.

கார்டுதான் வசதி என்பவர்கள் எல்லை ஸ்டேஷனில் இறங்கி, பாஸால் வெளியே வந்து, கார்டைத் தட்டி மறுபடி உள்ளே போகலாம். செலவு அதிகமாகாது, நேரம்தான் போகும். மாயிபாராவில் அதற்கும் வழியிருக்காது. அங்கே ஜேஆர் வெஸ்ட், ஜேஆர் சென்ட்ரல் என்ற இரு நிறுவன ரயில்களுக்கும் இடையே சில நிமிடங்களே இருக்கும். உட்கார இடம் பிடிக்கக் கூட்டம் ஓடுவதற்கு 'மாயிபாரா டாஷ்' என்றே பெயர். மாயிபாரா–நாகோயா டிக்கெட்டை (1,340 யென்) கியோட்டோவிலோ ஒசாகாவிலோ கவுண்டரில் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

ஷின்கன்சென்னில் எல்லை தாண்டும்போது கணக்கு கனமாகும். கன்சாய் வைடு பாஸோடு ஹிரோஷிமா போனால், ஒகாயாமாவிலிருந்து அடிப்படைக் கட்டணம் 3,080 யென், முன்பதிவில்லாப் பெட்டிக்கான விரைவுக் கட்டணம் 2,530 யென், ஆக 5,610. போக வர 11,220. 2024 விலையில் ஹிரோஷிமா வரை செல்லும் கன்சாய்–ஹிரோஷிமா பாஸுக்கும் கன்சாய் வைடு பாஸுக்கும் வித்தியாசம் சுமார் 5,000 யென்தான். அந்தப் பெரிய பாஸில் மியாஜிமா தீவுக்கான படகும் அடக்கம். ஹிரோஷிமா போவது உறுதி என்றால் பெரிய பாஸே வாங்குங்கள், எல்லைக் கணக்கே வேண்டாம். சாதாரண ரயிலில் 3,080 மட்டும் கட்டிப் போகலாம்தான், ஆனால் 40 நிமிடப் பயணம் மூன்று மணி நேரம் ஆகும்.

இருந்தும் சிறிய பாஸோடுதான் போவீர்கள் என்றால், ஏறுவதற்கு முன்பே ஒகாயாமா–ஹிரோஷிமாவுக்கான அடிப்படை, விரைவு டிக்கெட் இரண்டையும் 'மிதோரி நோ மதோகுச்சி' கவுண்டரில் எடுங்கள். பாஸில் பதிவு செய்த இருக்கை ஒகாயாமாவோடு முடிந்துவிடும், அங்கே வேறொருவர் வந்து எழுப்பக்கூடும். ஆகவே முன்பதிவில்லாப் பெட்டியே தொல்லையில்லாதது. ஆனால் புத்தாண்டு, மே மாத விடுமுறை, ஓபோன் (ஆகஸ்ட் நடுவில் வரும் விடுமுறை) நாட்களில் நொசோமி என்ற விரைவு ஷின்கன்சென் ரயில்களில் அந்தப் பெட்டியே இருக்காது; அப்போது ஹிக்காரி, சாகுரா, கொதாமா ரயில்களைப் பாருங்கள்.

ஜேஆரின் சாதாரண, ரேபிட் ரயில்களுக்கான சேய்ஷுன் 18 டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதோடு விரைவுக் கட்டணத்தை மட்டும் சேர்த்து லிமிடெட் எக்ஸ்பிரஸில் ஏற முடியாது. அந்தத் தூரத்துக்கு அடிப்படைக் கட்டணமும் புதிதாகக் கட்ட வேண்டும்.

எல்லைக்கு அப்பால் இருப்பது ஜேஆர் தடம்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 16-இல் ஹொகுரிகு ஷின்கன்சென் சுருகா வரை நீண்டபோது, சுருகாவிலிருந்து ஃபுகுய் பக்கம் போகும் பழைய தடம் ஹாபி லைன் ஃபுகுய் என்ற தனி நிறுவனத்துக்குப் போய்விட்டது. பழைய வழிகாட்டிகளில் ஜேஆர் என்று இருந்தாலும் இப்போது அங்கே தனிக் கட்டணம்.

ஆளில்லாச் சிற்றூர் ஸ்டேஷன்களில் பணம் வாங்குபவர் ஓட்டுநர். ஒற்றை ஆள் ஓட்டும் ரயிலில் முன்கதவு வழியாக இறங்கும்போது பாஸைக் காட்டி, எல்லையிலிருந்து வரும் தொகையைக் கட்டணப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியோடு இருக்கும் சில்லறை மாற்றி பெரும்பாலும் 1,000 யென் நோட்டைத்தான் எடுக்கும். 10,000 யென் நோட்டோடு நின்றால் பின்னால் வரிசையே காத்திருக்கும். ரயில் நிற்கும் இடைவேளையிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.