சிறைக்குள் ஒருவர் பட்டம் படிக்க: துணை நிற்க வருபவர்களுக்கு

முதல் நாளே பாடம் எடுத்துவிட வேண்டும் என்று வராதீர்கள். சிறையில் படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் பாடம் புரியாததால் இல்லை. ஏதோ ஒரு தாள் கையில் இல்லாததால், இல்லையென்றால் ஒரு கடைசித் தேதி தவறிப்போனதால். நான் அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் ஒரு மத்திய சிறைக்குப் போய் வருகிறேன். பேரேடும் ஐந்தொகையும் சொல்லிக்கொடுக்கலாம் என்று போனவள், இப்போது பாதி நேரம் குமாஸ்தா வேலைதான் பார்க்கிறேன். பாடம் எடுக்க நிறையப் பேர் முன்வருகிறார்கள். இந்தக் குமாஸ்தா வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

சிறைக்குள் படிப்பு மையம் என்பது புதிய விஷயம் இல்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது நாம் எல்லோரும் சொல்கிற இக்னோ, 1994-லேயே திகார் சிறையில் மையம் திறந்துவிட்டது. நம் ஊரில் புழலில் இரண்டு, அப்புறம் வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று ஒன்பது மத்திய சிறைகள். பெண்களுக்குத் தனிச் சிறைகள் உண்டு. எந்தச் சிறையில் எந்தப் பல்கலைக்கழக மையம் இப்போது நடக்கிறது என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்ப்பலகை இருந்தால் வகுப்பும் நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

அனுமதி வாங்குவது சுலபம், ஆனால் மெதுவாக நடக்கும். சிறைக் கண்காணிப்பாளருக்குக் கடிதம், அடையாள அட்டை நகல், உங்கள் படிப்புச் சான்று, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்ற விவரம். சில சமயம் அது எழும்பூரில் உள்ள சிறைத்துறைத் தலைமையகம் வரை போய்த் திரும்பும். தனி ஆளாகக் கேட்பதைவிடக் கல்லூரி வழியாகவோ படிப்பு மையம் வழியாகவோ கேட்டால் பதில் சீக்கிரம் வரும். கடிதத்தில் ‘கைதிகளைத் திருத்துவதற்காக’ என்று எழுதாதீர்கள். ‘பி.காம். முதலாண்டு கணக்குப்பதிவியல் வகுப்பு, சனிக்கிழமை, இரண்டு மணி நேரம்’ என்று எழுதுங்கள். அதிகாரிக்குக் கையெழுத்துப் போட அதுதான் வசதி.

உள்ளே போன முதல் சில வாரங்களில் ஆளுக்கு ஒரு கோப்பு போடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். இவையெல்லாம் ஒருவர் கையிலும் இருக்காது. வீட்டில் பரணில் இருக்கும், அல்லது வீடே கை மாறியிருக்கும். மனு பார்க்க, அதாவது சிறைக்கு நேரில் பார்க்க, வருகிற அம்மாவிடமோ தங்கையிடமோ சொல்லி எடுத்துவரச் செய்யலாம். ஆனால் அதை நீங்கள் நேரடியாகச் செய்யக்கூடாது, நல அலுவலர் வழியாகத்தான். தொலைந்தே போயிருந்தால், கடைசியாகப் படித்த பள்ளியில் தொடங்கித் தேர்வுத்துறை வரை போய் இரண்டாம்படி வாங்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருடத்தில் இரண்டு சேர்க்கைகள். ஒன்று போனால் ஆறு மாதம் போச்சு.

இப்போது புதிதாக ஒரு தலைவலி சேர்ந்திருக்கிறது. 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர டெப் ஐடி என்று ஒன்று வேண்டும், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிந்து வாங்கும் எண். அதற்கு ஏபிசி ஐடி வேண்டும், அது மாணவரின் படிப்பு மதிப்பீடுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண். ஏபிசி ஐடிக்கு டிஜிலாக்கர் என்ற அரசின் இணைய ஆவணப் பெட்டகம், டிஜிலாக்கருக்கு ஆதாரோடு இணைந்த கைபேசி எண். சிறையில் இருப்பவரின் கைபேசி வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் கிடக்கும், சிம் கார்டு செத்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஓடிபி எங்கே வரும்? அதனால் சிறைக்குள் ஆதார் முகாம் எப்போது நடக்கும் என்று விசாரித்து, எண்ணை மாற்ற வேண்டியவர்கள் பட்டியலை முன்கூட்டியே நல அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள். புதிய எண்ணாக யாருடையதைக் கொடுப்பது என்பதை அவரவர் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யட்டும். தயவுசெய்து உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஆதாருக்கும் வங்கிக் கணக்குக்கும் உரிய ஓடிபிகள் உங்கள் கைபேசிக்கு வரத் தொடங்கினால் அது உங்களுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை.

எந்தப் பல்கலைக்கழகம்? பெரும்பாலான படிப்புகளுக்கு இக்னோ சிறைவாசிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான். தமிழ் வழியில் படித்துவந்தவருக்கு 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒத்துவரும். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கில வழிப் பட்டப்படிப்பில் ஒருவரைச் சேர்த்துவிட்டு, அவர் முதல் பருவத்திலேயே புத்தகத்தை மூடி வைப்பதில் என்ன பயன்? பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர்களை அவசரப்படுத்த வேண்டாம். தனித்தேர்வராகப் பத்தாவது, பிறகு பிளஸ் டூ என்று ஏறிவரலாம், சிறைகளிலேயே தேர்வு மையம் போடுகிறார்கள். 2012-ல் வேலூர் சிறையிலிருந்து பிளஸ் டூ எழுதிய பேரறிவாளன் 1,200-க்கு 1,096 வாங்கினார். இக்னோவில் பி.சி.ஏ., எம்.சி.ஏ. இரண்டையும் சிறையில்தான் முடித்தார். 2022 மே 18-ல் அவரை விடுவித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, உள்ளே அவர் பெற்ற கல்வித் தகுதிகளையும் எடுத்துச் சொன்னது. அதனால் சேர்க்கைக் கடிதம், ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் மாணவருடைய சிறைப் பதிவேட்டில் சேர்கிறதா என்று பாருங்கள். ஆனால் ‘படித்தால் சீக்கிரம் விடுவார்கள்’ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

உள்ளே யார் யாரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

நல அலுவலர், சிறை ஆசிரியர் இருவரும் உங்களுக்கு இரண்டு கை மாதிரி. அவர்கள் தலைக்கு மேல் போய்க் கண்காணிப்பாளரிடம் எதையும் கேட்காதீர்கள். அடுத்து, வகுப்புக்கு ஆட்களை அழைத்துவருகிற காவலர். பிளாக்கிலிருந்து ஆட்களைத் திறந்து, எண்ணி, கூட்டிவந்து, மறுபடி எண்ணிக் கொண்டுபோய்விடுவது அவர் தலையில் விழும் கூடுதல் வேலை. அன்று ஆள் குறைவாக இருந்தால் உங்கள் வகுப்புதான் முதலில் போகும். இதற்குக் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு வாருங்கள், குறிப்பிட்ட நேரத்துக்கு முடியுங்கள். ‘இன்னும் பத்து நிமிடம் சார்’ என்று அடைப்பு நேரம், அதாவது அறைகளைப் பூட்டும் நேரம், நெருங்கும்போது கேட்டுவிட்டால் அடுத்த வாரம் அவர் முகமே மாறியிருக்கும். அவர் மகள் பிளஸ் டூ முடித்து எந்தக் கல்லூரியில் சேர்வது என்று உங்களிடம் கேட்பார். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

எல்லோரையும்விட முக்கியமானவர், உள்ளேயே இருக்கிற பட்டதாரி. ஒவ்வொரு சிறையிலும் நாலு பேராவது இருப்பார்கள்: முன்னாள் ஆசிரியர், வங்கியில் இருந்தவர், இன்ஜினியர். நீங்கள் வாரத்தில் இரண்டு மணி நேரம் இருப்பீர்கள், அவர் வாரம் முழுக்க இருப்பார். மாலை ஆறு மணி வாக்கில் அடைப்பு ஆன பிறகு, சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பது அவர்தான். எனவே உங்கள் நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுங்கள். அடுத்த வாரப் பாடத்தை அவரிடம் முதலில் பேசுங்கள், விடைக்குறிப்பை அவரிடம் விட்டுவிட்டு வாருங்கள். அவரும் ஒருநாள் விடுதலையாகிவிடுவார், அதனால் அடுத்தவரை இப்போதே தயார் செய்யுங்கள்.

வகுப்பு என்று வந்தால், எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றே பேசுங்கள். வயதில் சின்னவர்களை நான் தம்பி என்பேன், அவர்கள் என்னை டீச்சரம்மா என்பார்கள். கைதி எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் வகுப்புக்குள் வர வேண்டாம். என்ன வழக்கு என்று கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய் இணையத்திலும் தேடாதீர்கள். தெரிந்துவிட்டால் அவருடைய அசைன்மென்ட்டைத் திருத்தும்போது உங்கள் பேனா வேறு மாதிரி ஓடும். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சட்ட ஆலோசனை கேட்டால், சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வருகிறவர்களைக் காட்டுங்கள்.

அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்போடும் போகாதீர்கள். கூட்டு வட்டிப் பாடத்தை நான் ஆரம்பித்த அன்று, வட்டித் தொழில் செய்துவந்த ஒருவர் எனக்கு முன்னால் மனக்கணக்கில் விடை சொல்லிவிட்டார். மீட்டர் வட்டிக்கும் பாடப்புத்தக வட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு வகுப்பே எடுத்தவர் அவர்தான்.

அசைன்மென்ட்டை லேசாக நினைக்காதீர்கள். இக்னோவின் பல படிப்புகளில் மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 சதவீதம் பருவத் தேர்வுக்கு. கையால் எழுத வேண்டும். நம்மவர்களுக்குக் கை ஓடாது, கையெழுத்து விட்டுப்போய் வருடங்கள் ஆகியிருக்கும். அதனால் வகுப்பின் முதல் கால் மணி நேரம் யாரும் பேசாமல் எழுத மட்டும் வையுங்கள். எழுதிய தாள்களை அனுப்புவதற்கு முன் செராக்ஸ் எடுத்து வையுங்கள், அனுப்பியதற்கு ரசீது வாங்குங்கள். அனுப்பியது பதிவாகவில்லை என்று பல மாதம் கழித்துத் தகவல் வரும். அப்போது ரசீது இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் முழுக்க மறுபடி எழுத வேண்டும்.

வாசலில் பிரச்சினை வராமலிருக்க: கைபேசி வெளியே, பணம் வெளியே. ஸ்பைரல் போட்ட நோட்டு கம்பி இருப்பதால் திரும்பிவரும், நூல் தைத்த நோட்டு வாங்குங்கள். சாதாரணக் கால்குலேட்டருக்குக்கூட முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது யாராவது ஒரு சின்னச் சீட்டைக் கொடுத்து ‘என் வீட்டில் சேர்த்துவிடுங்கள் டீச்சரம்மா’ என்பார். மனசு இளகும். வாங்காதீர்கள். ஒரு சீட்டுக்காக மொத்த வகுப்பும் ரத்தாகிவிடும்.

புத்தகம் தர விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாக: சிறைத்துறையின் ‘கூண்டுக்குள் வானம்’ அரங்கு சென்னைப் புத்தகக் கண்காட்சியில் நூல்களை வாங்கிக்கொண்டது. அது நூலகத்துக்கு நல்லது. பட்டம் படிக்கிறவருக்கு வேண்டியது வேறு. லிஃப்கோ அகராதி, பழைய வினாத்தாள் கட்டு, கோடு போட்ட தாள். நாவல்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்கள் சிறையில் படிக்கிறவர்கள் எண்ணிக்கை குறைவு. வகுப்பில் மூன்று பேர் இருக்கலாம், அதில் ஒருவர் மடியில் குழந்தை இருக்கலாம். ஆறு வயது வரை பிள்ளைகள் தாயோடு உள்ளே இருக்க விதி அனுமதிக்கிறது. மூன்று பேருக்காக வகுப்பு எதற்கு என்று யாராவது கேட்டால், மூன்று பேருக்காகத்தான் என்று சொல்லிவிட்டு நடத்துங்கள். ஒரு கிரேயான் பெட்டி கொண்டுபோக அனுமதி வாங்குங்கள்.

தேர்வு நெருங்கும்போது இரண்டு விஷயம் பயமுறுத்தும். ஒன்று வாய்தா. விசாரணைக் கைதிக்குத் தேர்வு அன்றே நீதிமன்றத் தேதி விழலாம். அட்டவணை வந்த அன்றே தேதிகளைத் தாளில் எழுதி நல அலுவலரிடம் கொடுங்கள். வழக்கறிஞர் மூலம் வேறு தேதி கேட்கலாம், காணொளி வழியாக ஆஜராக முடியுமா என்றும் பார்க்கலாம். இன்னொன்று இடமாற்றம். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தவர் ஒரு காலையில் பாளையங்கோட்டையில் இருப்பார். புத்தகம் இங்கே, பதிவு இங்கே, ஆள் அங்கே. படிப்பு மையத்தை மாற்றச் சொல்லி மண்டல மையத்துக்கு எழுத வேண்டும், புத்தகக் கட்டை அனுப்ப வேண்டும், அங்கே இருக்கும் நல அலுவலருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். இதை யாரும் தானாகச் செய்யமாட்டார்கள், நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். மூன்று வருடப் பட்டத்தை முடிக்க இக்னோவில் ஆறு வருடம் வரை நேரம் இருக்கிறது என்பதை மாறிப்போகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

படிப்பின் நடுவில் விடுதலையாகிப் போகிறவர்கள்தான் அதிகம் கைநழுவுகிறார்கள். அண்ணா பிறந்தநாளை ஒட்டி முன்விடுதலை என்று செய்தி வந்ததுமே அந்தப் பட்டியலில் உங்கள் மாணவர் யார் என்று விசாரியுங்கள். பல்கலைக்கழகப் பதிவில் சிறை மையத்தின் எண்ணும் மின்னஞ்சலும் இருந்தால், அவர் வெளியே வந்தபின் தேர்வுத் தகவல் முழுக்க உள்ளேயே வந்துகொண்டிருக்கும். அவர் போவதற்கு முன் எண், முகவரி, படிப்பு மையம் மூன்றையும் மாற்றும் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கி, அவர் ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கல்லூரியில் மையம் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். அந்த மையத்தில் யாரைப் பார்க்க வேண்டும், அவர் எந்தக் கிழமை இருப்பார் என்பது வரை.