மரியாமா பா பற்றி ஒரே பீரியடில் சொல்வது எப்படி

பாலக்கோடு பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வருடா வருடம் ஒரு பீரியட் செனகல் நாட்டு நாவலாசிரியை மரியாமா பாவுக்கு. முதல் தடவை பிறந்த வருடத்திலிருந்து ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சு தூங்கிவிட்டது.

இப்போதெல்லாம் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையோடு போகிறேன். நம் கொல்லையில் விளைவது செனகலிலும் விளைகிறது என்று சொல்லி, ஆப்பிரிக்க வரைபடத்தின் மேற்கு நுனியில் செனகல் தலைநகர் டாக்கரைத் தொட்டுக் காட்டுங்கள். 'பா' என்றதும் சிரிப்பார்கள். வெண்பாவில் வரும் பா என்றால் மறக்க மாட்டார்கள்.

அப்புறம் கதை. 1929இல் பிறப்பு, சின்ன வயதிலேயே அம்மா இல்லை, தாத்தா பாட்டி வளர்ப்பு. 1947இல் ஆசிரியர் பயிற்சி முடித்து 12 வருடம் டீச்சர். உடம்பு முடியாமல் வகுப்பறையை விட்டார். 9 பிள்ளைகள், விவாகரத்து. முதல் நாவல் 1979இல். இங்கே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வயதைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஐம்பது என்று வந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 1980இல் ஆப்பிரிக்கப் புத்தகங்களுக்கான நோமா விருது, 1981இல் மறைவு: இதற்கு ஒரு வரி போதும்.

கணவனை இழந்த ஆசிரியை தோழிக்கு எழுதும் நீண்ட கடிதம்தான் அந்த நாவல். அதனால் ஆளுக்கொரு இன்லேண்ட் லெட்டர் கொடுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் எழுதட்டும், நீங்கள் படிக்கக் கூடாது. போன வருடம் ஒரு பெண் ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன அக்காவுக்கு எழுதினாள். ஒட்டுகிற மடிப்பு வரை எழுதிவிட்டாள். ஸ்டேப்ளர் அடித்துத்தான் தபால் பெட்டியில் போட்டோம்.