லைகோமிங் ஓ-320: உலர் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்தல்

பழைய செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் வரும் லைகோமிங் ஓ-320 எஞ்சினில், வால்வு இடைவெளியைக் கூட்டிக் குறைக்கத் திருகாணி கிடையாது. எஞ்சின் ஓடும்போது ஹைட்ராலிக் டாப்பெட் (கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் உருளை) எண்ணெயால் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது, எண்ணெயற்ற நிலையில் இடைவெளி 0.028 முதல் 0.080 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்பதே. ஓ-320-இன் எச்2ஏடி வகையில் டாப்பெட் அமைப்பு வேறு. அதற்கு இம்முறை பொருந்தாது.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருந்தாலும் புரொப்பெல்லரை நம்பாதீர்கள்; எஞ்சின் திடீரென்று பற்றிச் சுழலக்கூடும். மேல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடியபடி புரொப்பெல்லரை அது சுழலும் திசையில் மெல்லத் திருப்பினால், கம்ப்ரஷன் வீச்சில் காற்று விரலைத் தள்ளும். அவ்வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்துங்கள்.

ராக்கர்களையும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்கள்) புஷ்ராடுகளையும் (டாப்பெட்டிலிருந்து ராக்கரைத் தள்ளும் தண்டுகள்) இடம் குறித்து வைத்துக்கொண்டே கழற்றுங்கள். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு நுனியில் உள்ள சிறு தொப்பி, எண்ணெய்ப் பசையால் ராக்கரோடு ஒட்டிக்கொண்டு வந்து நழுவிவிடும். அது இல்லாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

அதிகம் இடறுவது அடுத்த படிதான். டாப்பெட்டுக்குள் புஷ்ராடு உட்காரும் சாக்கெட்டையும், அதன் கீழுள்ள பிளஞ்சர் (மேலும் கீழும் நகரும் சிறு உருளை) தொகுப்பையும் வளைந்த கம்பியால் வெளியே எடுத்து, பிளஞ்சரைப் பிரித்து, டாப்பெட் குழிக்குள் தேங்கிய எண்ணெயையும் சேர்த்து முழுவதும் வடித்துவிட வேண்டும். உள்ளே சிறிது எண்ணெய் நின்றாலும் பிளஞ்சர் அடிவரை இறங்காது. இடைவெளி இல்லாதது போலவே அளவு காட்டும். ஒரு பிளஞ்சரை இன்னொன்றின் உறையில் போடாதீர்கள்; அவை இணையிணையாகப் பொருத்தப்பட்டவை.

எல்லாவற்றையும் உலர்வாக மாட்டியபின், ராக்கரின் புஷ்ராடு பக்கத்தை அழுத்திப் பிளஞ்சரை முழுவதும் கீழே இறக்கி, மறுபக்கத்தில் ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகுங்கள். நேரான தகடு அந்த மூலைக்குள் மடங்கிப் பொய்யளவு காட்டுவதால், நுனி வளைந்த கேஜையே பரிந்துரைப்பேன்.

இடைவெளி குறைந்தால் குட்டையான புஷ்ராடும், மிகுந்தால் நீளமானதும் போட்டு மறுபடி அளக்க வேண்டும். வால்வு சீட்டைச் சாணை பிடித்த சிலிண்டரில் தண்டு மேலேறிவிடுவதால், பெரும்பாலும் குட்டையானதே தேவைப்படும். இறுதியில் புஷ்ராடுகளை மூடும் உறைக்குழாய்களுக்குப் புதிய சீல் போட்டு, உரிமம் பெற்ற பொறியாளரிடம் கையொப்பம் பெறுங்கள்.

பின்சேர்க்கை: எண்ணெயை வடித்தும் இடைவெளி தெரியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிஸ்டன் உச்சியில்தான் இருந்தது, ஆனால் எக்ஸாஸ்ட் வீச்சின் உச்சியில். அங்கே இரு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். புரொப்பெல்லரை இன்னொரு முழுச்சுற்று திருப்பிவிட்டு அளந்தால் சரியாகிவிடும்.