இருமல் தொடங்கிய தேதி: ஆன்டிபாடி பரிசோதனையைச் சரியாகச் செய்வதும் படிப்பதும்

சுவாசத் தொற்றுக்கான ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனைக்குப் படிவம் நிரப்பும்போது, எந்தக் கட்டத்தை விட்டாலும் ‘அறிகுறி தொடங்கிய தேதி’ என்ற கட்டத்தை விடாதீர்கள். அது காலியாக இருந்தால், ஆய்வகம் எவ்வளவு நேர்த்தியாக அளந்து தந்தாலும் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியைக் கண்டு உடல் தயாரித்த எதிர்ப்பொருளைத்தான் (ஆன்டிபாடி) தேடுகிறது. அதைத் தயாரிக்க உடலுக்கு நாள் பிடிக்கும்.

முதலில் தலைகாட்டுவது ஐஜிஎம் (IgM) என்ற வகை எதிர்ப்பொருள். பொதுவாக நோய் தொடங்கி 7 முதல் 10 நாட்களில். ஐஜிஜி (IgG) என்ற வகை இன்னும் தாமதமாக, இரண்டு மூன்று வாரங்களில் ஏறும். ஆகவே காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் தொற்று இல்லை என்று பொருளல்ல. முதல் வாரத்தில் கிருமியைக் கண்டுபிடிக்க மூக்கு அல்லது தொண்டைப் பஞ்சுக்குச்சி மாதிரியில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்வதே சரி.

அப்படியானால் முதல் வாரத்தில் ரத்தம் எடுப்பது வீணா? இல்லை. முதல் மாதிரியை நோயாளியைப் பார்த்த அன்றே எடுத்து வையுங்கள். இரண்டாவதை 2 முதல் 4 வாரம் கழித்து எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே சோதனைத் தட்டில், அடுத்தடுத்த குழிகளில் ஓட்ட வேண்டும். வெவ்வேறு நாளில் ஓட்டினால் எண் ஏறியது உடலாலா, கிட்டின் அன்றைய நிலையாலா என்று பிரித்தறிய வழியில்லை.

இரண்டுக்கும் இடையே டைட்டர் (எதிர்ப்பொருள் இன்னும் தெரியும் கடைசி நீர்த்தல்) நான்கு மடங்கு உயர்ந்தால்தான் அண்மைத் தொற்று எனலாம். முதலில் 1:32, பிறகு 1:128 என்றால் நம்பலாம். 1:32-லிருந்து 1:64 ஆனால் அது உயர்வே அல்ல. படிக்குப் படி இருமடங்கு நீர்த்துப் பார்க்கும் இரட்டிப்பு நீர்த்தலில் ஒரு படி முன்பின் ஆவது முறையின் இயல்பான பிழைக்குள் அடங்கும். எலைசாவில் (நிறம் ஏறுவதை வைத்து எதிர்ப்பொருளை அளக்கும் தட்டுச் சோதனை) வரும் விகிதத்துக்கு இந்தக் கணக்கைப் பொருத்தாதீர்கள். விகிதம் 1.2-லிருந்து 4.8 ஆனால் டைட்டர் நான்கு மடங்கு ஆகிவிட்டது என்று பொருளில்லை; ஒளி அடர்த்தி (அந்த நிறத்தின் அளவு) எதிர்ப்பொருளின் அளவோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை.

கிருமிக்குக் கிருமி நடத்தை வேறு. மைக்கோபிளாஸ்மா நிமோனியேவில் குழந்தைகளுக்கு ஐஜிஎம் நன்றாக எழும். முன்பே தொற்றுக் கண்ட பெரியவர்களிடம் அது எழாமலே போகலாம். எழுந்தாலும் மாதக்கணக்கில் தங்கிவிடும். போன பருவத்து இருமலின் மிச்சம் இன்றைய இருமலின் காரணமாகத் தெரியும். கிளமிடியா நிமோனியே இன்னும் மந்தம்: முதல் தொற்றில் ஐஜிஎம் வர 2 முதல் 3 வாரம், ஐஜிஜி வர 6 முதல் 8 வாரம் ஆகும். லெஜியோனெல்லாவிலும் எதிர்ப்பொருள் உயர வாரக்கணக்கில் ஆகலாம்; அங்கே சிறுநீரில் ஆன்டிஜென் (கிருமியின் பகுதிப்பொருள்) பார்ப்பதே விரைவான வழி, ஆனால் அது முக்கியமாக செரோகுரூப் 1 வகையைத்தான் பிடிக்கும். கக்குவானுக்கு, இருமல் இரண்டு வாரம் கடந்தபின் பெர்டுசிஸ் நச்சுக்கு எதிரான ஐஜிஜி பயன்படும். கடந்த ஓராண்டில் அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த எண்ணைக் கொண்டு தொற்று என முடிவு கட்ட வேண்டாம். இன்ஃப்ளுயன்ஸாவுக்கு ஒற்றை மாதிரி ஆன்டிபாடி கேட்பதே வேண்டாம். ஏறக்குறைய எல்லோர் உடலிலும் பழைய எதிர்ப்பொருள் இருக்கும்.

ரத்தம் எடுக்கும் முறை

சிவப்பு மூடி டியூப் அல்லது ஜெல் உள்ள மஞ்சள் மூடி டியூபில் 3 முதல் 5 மில்லி போதும். வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் எடுத்த சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பால்போல் கலங்கி வரலாம். ஜெல் டியூபை 5 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் சிவப்பணு உடையும். ஜெல் டியூப் என்றால் 30 நிமிடம், சாதா டியூப் என்றால் 60 நிமிடம் நிமிர்த்தி வைத்து உறைய விடுங்கள். அவசரப்பட்டுச் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் இழை மிதக்கும். அது பிப்பெட் முனையை அடைத்து அளவைக் குறைத்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

பிறகு 1,000 முதல் 1,300 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று மட்டும் எழுதி ஒட்டி வைப்பது போதாது: சுழல்தலையின் ஆரம் 10 செ.மீ. என்றால் அது சுமார் 1,000 ஜி, 15 செ.மீ. என்றால் சுமார் 1,500 ஜி. சீரத்தைத் தனிக் குப்பிக்கு மாற்றி 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். சில நாளுக்குமேல் காக்க வேண்டுமானால் மைனஸ் 20 டிகிரி. முதல் மாதிரியை இரண்டு மூன்று சிறு குப்பிகளாகப் பிரித்தே உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் ஐஜிஎம் முதலில் கெடும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீஸர் இதற்கு ஆகாது.

தட்டில் தவறுவது எங்கே

நேரமும் வெப்பமும் கிட்டுக்குக் கிட்டு மாறும் என்பதால் உள்ளே வரும் தாளையே பின்பற்றுங்கள். பல எலைசா கிட்களில் நீர்த்தல் 1:101, அதாவது 10 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு 1,000 மைக்ரோலிட்டர் கரைசல். ஐஜிஎம்முக்கு அந்தக் கரைசலில் ருமட்டாய்டு காரணியை (ஐஜிஜியையே பிடிக்கும் ஒரு எதிர்ப்பொருள்) அகற்றும் உறிஞ்சுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், ருமட்டாய்டு காரணி உள்ளவரிடம் அது ஐஜிஜியைப் பிடித்துக்கொண்டு பொய்யான பாசிட்டிவ் தரும். ஐஜிஜி மிகுந்தவரிடம் ஐஜிஎம்முக்கு இடமில்லாமல் பொய்யான நெகட்டிவ் வரும்.

எல்லாக் கரைசலும் அறை வெப்பத்துக்கு வர 30 நிமிடமாவது கொடுங்கள். ஓரக் குழிகள் மட்டும் கருத்து வந்தால், தட்டு சீராகச் சூடாகவில்லை அல்லது மூடாமல் வைத்தீர்கள் என்று அர்த்தம். தட்டு முழுக்க நிறம் ஏறினால் கழுவுதலைச் சந்தேகியுங்கள். குழி நிறைய, சுமார் 300 மைக்ரோலிட்டர் ஊற்றிக் கழுவி, கடைசியில் உறிஞ்சுதாளில் கவிழ்த்துத் தட்டி எடுங்கள், ஆனால் காய விடாதீர்கள். நிறமே வராவிட்டால், கழுவு கரைசலில் சோடியம் அசைடு கலந்ததா என்று கேளுங்கள். அது பெராக்சிடேஸ் நொதியை முடக்கிவிடும். கன்ட்ரோல் (விடை முன்பே தெரிந்த மாதிரி) எல்லைக்குள் வராத தட்டிலிருந்து ஒரு முடிவைக்கூட வெளியே அனுப்பக் கூடாது.

முடிவைப் படிப்பது

ஒன்பது கிருமிகளுக்கு ஒரே தடவையில் ஐஜிஎம் பார்க்கும் தொகுப்பு வசதிதான், ஆபத்தும் அங்கேதான். ஒவ்வொன்றும் தொற்றில்லாதவரை 95 சதவீதம் சரியாக விலக்கும் என்றும், பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்பதையும் சேர்த்தால், தொற்றே இல்லாத ஒருவருக்கு ஏதாவது ஒன்று பாசிட்டிவ் ஆகும் வாய்ப்பு சுமார் 37 சதவீதம். ஆகவே ஐயம் எழுந்த கிருமிக்கு மட்டும் கேளுங்கள். நான்கைந்து கிருமிகளுக்கு ஒரே நேரத்தில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால், அத்தனை தொற்று என்று எண்ணுவதற்கு முன் ருமட்டாய்டு காரணியைப் பாருங்கள்.

ரத்தம் ஏற்றியவர், இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டவர் ஆகியோரிடம் காணும் ஐஜிஜி வேறொருவருடையதாக இருக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் அது தாயினுடையதாக இருக்கலாம். ஐஜிஎம் நஞ்சுக்கொடி வழியே கடக்காது. நோயெதிர்ப்பு குன்றியவருக்கு நெகட்டிவ் வந்தால் அதை நம்பி எதையும் விலக்காதீர்கள். நிமோனியா நோயாளிக்குச் சிகிச்சை, இரண்டாம் மாதிரிக்காகக் காத்திருக்கக் கூடாது.

எல்லைக்கோட்டில் முடிவு வந்தால் அதே சீரத்தை ஒருமுறை இரட்டைக் குழியில் ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் அங்கேயே நின்றால், பாசிட்டிவ் பக்கமோ நெகட்டிவ் பக்கமோ தள்ளாமல் ‘எல்லைக்கோடு, 2 வாரம் கழித்து மறுமாதிரி தேவை’ என்று எழுதி, பக்கத்திலேயே நோய் தொடங்கிய தேதியையும் ரத்தம் எடுத்த தேதியையும் குறித்து அனுப்புங்கள்.